சிவப்பு உறையில் உன் சான்றிதழ்கள்

ஜோக்கிம்,

நேற்று உன் கப்பல் வேலை பற்றிய பேச்சு முற்றியபோது நீ, நான், உன் அம்மா மெட்டில்டா, ரோச் மாமா ஆகிய நான்கு பேர் இருந்தோம். மாமா முன்னால் நீ எதிர்த்துப் பேசியது நம் குடும்பத்துக்கு அழகல்ல. “ஏலே, ஒரு மவனைக் கடல் கொண்டுபோனது போதாதா?” என்று நான் கத்தியதும் அழகல்ல.

இன்று நீ பார்க்கப்போகும் தைவான் கப்பல் கேப்டனிடம் சான்றிதழ்களை இரண்டு கையாலும் கொடு. அவர் தரும் பெயர் அட்டையைப் படிக்காமல் சட்டைப்பையில் போடாதே. நீ எடுத்து வைத்த வெள்ளை உறை அவர்களுக்குச் சாவுக்கானது. உன் அண்ணன் கல்யாணப் பத்திரிகையில் மிஞ்சிய சிவப்பு உறையில் மாற்றி வைத்திருக்கிறேன்.

மாதா கோயிலில் அண்ணனுக்கான பூசைக்குப் போகிறேன். மீன்குழம்பு அடுப்பின் மேல் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டுப் போ.

பி.கு.: உன் வேலையைக் கெடுக்கத்தான் நான் கப்பல் ஏஜெண்டைப் பார்த்தேன் என்று நம் திரேஸ்புரத்தில் பேசுகிறார்கள். அது பொய். மேலே எழுதிய தைவான்காரர் வழக்கங்களை அவரிடம் கேட்டறியத்தான் போனேன்.

அப்பா