காய்ச்சல் என்று ஒதுக்கிய ஏழு வருஷங்கள்

அன்புள்ள குட்டிக்கு, அம்மா எழுதுவது. போனில் உன் இருமல் குறைந்திருந்தது, அதனால் நீ நலம் என்றே எடுத்துக்கொள்கிறேன். எனக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசைத்தான் கேட்காதே. அப்பா வழக்கம்போல் டிவியோடு சண்டை போட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறார். வாயால் சொன்னால் நடுவில் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் பேருந்துத் தொழிலாளர் ஓய்வூதிய நிதியில், வட்டி விகிதம் இனி எப்படிப் போகும் என்று கணித்துச் சொல்வதுதான் இருபத்திரண்டு வருஷமாக என் வேலை, உனக்குத் தெரியாததா. என் கணக்குப்படி வட்டி கொஞ்சம் ஏறும், பிறகு பழைய இடத்துக்கே இறங்கிவிடும். அதை நம்பித்தான் நீண்ட காலக் கடன் பத்திரங்களாக வாங்கிக் குவித்தார்கள். வட்டி ஏறியது, மூன்று வருஷமாகியும் இறங்கவே இல்லை. புதுப் பத்திரம் அதிக வட்டி தரும்போது நம் பழைய பத்திரத்தை யார் சீந்துவார்கள், அதன் விலை பாதாளத்துக்குப் போய்விட்டது, ஓய்வு பெறுகிறவர்களுக்குக் கொடுக்க அதைத்தான் நஷ்டத்துக்கு விற்றுக்கொண்டிருக்கிறோம். அடுத்த மாதத்திலிருந்து எல்லோருக்கும் பாதி ஓய்வூதியம்தான்.

தப்பு என்னுடையது, குட்டி. நீ பிறப்பதற்கு முன்னால் ஏழு வருஷம் வட்டி உச்சத்திலேயே நின்றது. அவற்றைச் சேர்த்தால் என் கணிப்புக் கோடு கோணிக்கொண்டு போனது, காய்ச்சல் வருஷங்கள் என்று பெயர் வைத்துக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். ஆபீசில் எல்லோருக்கும் அந்தப் பேச்சு பிடித்துப்போனது. கல்லூரி விடுமுறையில் நீ அந்தக் கணக்குத் தாளைப் பார்த்துவிட்டு, "காய்ச்சல்னு நீயா முடிவு பண்ணா எப்படிம்மா, வட்டியோட உடம்பே அப்படித்தானோ என்னவோ" என்றாய். முதலில் படிப்பை முடி, அப்புறம் எனக்குப் பாடம் எடு என்று உன் வாயை அடைத்தேன். இப்போது மேலாளர், "யாராலயும் கணிச்சிருக்க முடியாதுன்னு எழுதிக் குடுத்துருங்க மேடம், எல்லாரும் தப்பிச்சிக்கலாம்" என்கிறார். முடிந்திருக்கும், என் பிள்ளையே கேட்டான் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வேலை போய்விடும். அதனால் யாருக்கும் ஒரு காசு திரும்பி வரப்போவதில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

உன் மாமாவை நினைத்தால்தான் சோறு இறங்கவில்லை. முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்தவன், ஓய்வு பெற்ற அன்று பணத்தை மொத்தமாக எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான், நிதியிலேயே இருக்கட்டும் என்றேன். "நீ சொன்னா சரிக்கா" என்று கையெழுத்துப் போட்டான். நேற்று வந்திருந்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். காப்பியைக் குடித்துவிட்டு, "வட்டி எப்ப இறங்கும்னு மட்டும் சொல்லுக்கா, அதுவரைக்கும் பல்லைக் கடிச்சிக்கிட்டு ஓட்டிருவேன்" என்றான். எனக்குத் தெரியாதுடா என்றேன். "சரி சரி, ஆபீஸ் ரகசியம், வெளியே சொல்லக்கூடாதுபோல" என்று சிரித்துவிட்டுப் போனான்.

நோய்நொடி அண்டாமல், நிம்மதியாகத் தூங்கி எழும் பிள்ளையாக நீ நன்றாக இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. மாமாவுக்கு ஒரு போன் போட மறக்காதே. உன்னிடமும் தேதி கேட்பான், பாவம் பார்த்து எதையாவது சொல்லிவிடாதே.

உன்னை நினைத்தபடியே இருக்கும்
அம்மா