குடிலில் காலியாக இருக்கும் இடம்

மிலான்
திருவருகைக் காலத்து இரண்டாம் ஞாயிறு

அன்பு மகன் ரோமெலுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் அருளால் நானும் உன் தங்கை ஜிங்கும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்தப் பனிக்காட்டில் நீயும் கையுறை போட்டு, வேளைக்குச் சோறு தின்று நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இது அம்மா கையெழுத்து இல்லையே என்று பயந்துவிடாதே. வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறது, அதனால் நான் சொல்லச் சொல்ல ஜிங் எழுதுகிறாள். சொல்லாததையும் எழுதுவாள், அடைப்புக்குறிக்குள் எது வந்தாலும் அது அவள் வாய். (அண்ணா, என்னை அடைப்புக்குள் அடைத்துவிட்டார்கள். எழுதுவது நான், அழுவது அம்மா என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம்.)

கை எப்படி உடைந்தது என்று கேட்பாய். குழந்தை இயேசுவைத் தேடப்போய் நாற்காலியிலிருந்து விழுந்தேன். உன் அப்பாவின் விளையாட்டுதான் உனக்குத் தெரியுமே, பிப்ரவரியில் குடிலைப் பிரித்துக் கட்டி வைக்கும்போது கட்டைவிரல் அளவு இருக்கிற அந்த மரக் குழந்தையை மட்டும் எங்கேயாவது ஒளித்துவிடுவார். கிறிஸ்துமஸ் இரவில் ஒரு வருடம் அரிசி டப்பாவிலிருந்து எடுத்தார், ஒரு வருடம் ஜிங்கின் ஷூவிலிருந்து எடுத்தார். எங்கே என்று இந்த வருடம் யாரிடம் கேட்பது? அலமாரி, மெத்தை, தையல் பெட்டி எல்லாம் பார்த்தாகிவிட்டது. மாதாவும் சூசையப்பரும் காலித் தீவனத் தொட்டியைப் பார்த்தபடி நிற்கிறார்கள், எங்களைப் போலவே. முந்தாநாள் அந்தத் தொட்டியில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் காகிதத்தில் சுற்றிய ஒரு முழுப் பூண்டு. (சிரிக்க வைக்கலாம் என்று வைத்தேன். ‘அடிப்பாவி, ஆண்டவரை ரசத்துக்குப் போடவா?’ என்று அம்மா சிரித்தேவிட்டார், ஆகஸ்டுக்குப் பிறகு முதல்முறை. உடனே அழுதும்விட்டார். அரைப் பூண்டு வைத்திருந்தால் சிரிப்போடு நிறுத்தியிருப்பாரோ என்னவோ.) வாசலுக்கு நட்சத்திர விளக்கும் இவளே மூங்கிலும் காகிதமும் வாங்கிக் கட்டினாள். எதிர்வீட்டு நெனிட்டா பார்த்துவிட்டு, “இது விண்மீனாடி? நல்லா வறுத்த கருவாடு மாதிரில்ல இருக்கு!” என்றாள். (வீண்மீன் என்று நானே பெயர் வைத்துவிட்டேன், யாரும் முந்தக் கூடாது என்று.) கோணல்தான், ஆனால் எரிகிறது. உன் அப்பா இருந்திருந்தால் பிரித்துத் திரும்பக் கட்டியிருப்பார். நான் பிரிக்கவில்லை.

மகனே, ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொன்னதில்லை. சாவுக்குப் போனால், இங்கே வந்த பிறகும், நம் நாட்டு ஆட்கள் நேரே வீடு திரும்ப மாட்டார்கள், வழியில் எங்காவது நின்றுவிட்டுத்தான் வருவார்கள், இல்லாவிட்டால் போனவர் பின்னாலேயே வந்துவிடுவார் என்று. அப்பாவை அடக்கம் செய்த அன்று எல்லோரும் கல்லறைக்கு எதிரே இருந்த காப்பிக்கடைக்குள் போனார்கள். “உள்ள வாங்கக்கா, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போலாம்” என்று நெனிட்டா கையைப் பிடித்து இழுத்தாள். நான் உதறிவிட்டு வெயிலில் நேரே வீட்டுக்கு நடந்தேன். வரட்டும் என்றுதான் நடந்தேன். பின்னால் காலடி கேட்கிறதா என்று வழி முழுக்கக் காது கொடுத்துக்கொண்டே வந்தேன். கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தாமல் உட்கார்ந்திருந்தேன். (வந்திருந்தால் குழந்தை எங்கே என்றாவது சொல்லியிருப்பார். நானும் கேட்டுப் பார்த்தேன், அண்ணா. கிண்டலுக்கு இல்லை.)

நீ வரவில்லையே என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. விசா காகிதம் கையில் வராமல் கிளம்பியிருந்தால் அங்கே திரும்பிப் போக முடிந்திருக்காது, “அவன் அங்கயே இருக்கட்டும்” என்று ஆஸ்பத்திரியில் அப்பாவே சொன்னார். போனில் அடக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது போனை அணைத்துவிட்டாய், அதற்குப் பிறகு எங்கள் அழைப்பை எடுக்கவேயில்லை. இப்போது காகிதம் வந்துவிட்டதாம், ஆனாலும் கிறிஸ்துமஸ் அன்றைக்கு நீயே கேட்டு வேலை வாங்கிக்கொண்டாயாம், “அப்பா இல்லாத வீட்டுல எனக்கென்ன வேலை” என்றாயாம். நெனிட்டாவின் மகள் உன் பக்கத்துத் தெருவில்தானே இருக்கிறாள், எல்லாம் வந்து சேர்ந்துவிடுகிறது. (சாமியார் இதைத் திருவருகைக் காலம் என்கிறார். நம் வீட்டில் திருவாளர் வராத காலம்.)

இன்று கோயிலில் இரண்டாவது மெழுகுவர்த்தியை ஏற்றும்போது எனக்கு ஒன்று தட்டியது. பிப்ரவரியில் நீ அங்கே கிளம்புவதற்கு முந்தின நாள்தான் அப்பா குடிலைப் பிரித்தார். இந்த முறை எங்கே ஒளித்தீர்கள் என்று வாயைக் கிளறினேன். “இந்தத் தடவ அவரு ரொம்ப தூரம் போறாரு. கவலப்படாத, நேரத்துக்கு வந்துருவாரு” என்றார். ஏதோ பக்திப் பேச்சு என்று விட்டுவிட்டேன். அன்றைக்கே தன் சாம்பல் நிறக் கோட்டை உனக்கென்று எடுத்து உள்துணியின் ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தார், ஊசி பிடிக்கத் தெரியாத மனுஷன். (நான் பார்த்தேன். விரலில் குத்திக்கொண்டார். “கிழிஞ்சிருக்கு, தைக்கிறேன்” என்றார். கோட்டு கிழியவேயில்லை அண்ணா, எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.) அந்தக் கோட்டை ஆகஸ்டிலிருந்து நீ தொடுவதில்லையாம், அலமாரியில் தொங்குகிறதாம். எடு மகனே. கீழ் ஓரத்தைத் தடவிப் பார்.

இருந்தால் அங்கே பிரிக்காதே, அப்படியே போட்டுக்கொண்டு வா, இங்கே நான் பிரிக்கிறேன். இல்லையென்றாலும் வா. அப்பா அனுப்பி வைத்தது குழந்தையை மட்டுமல்ல, திரும்பி வர ஒரு ஆளையும் சேர்த்துத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

செவ்வாய்க்கிழமை அங்கே வரும் நெனிட்டாவிடம் இந்தக் கடிதத்தோடு பால்மாவு உருண்டையும் கொடுத்தனுப்புகிறேன், ஒரே நாளில் தின்று தீர்க்காதே. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஒன்பது நாள் திருப்பலிக்கும் உன் பெயர் சொல்லிக்கொண்டுதான் போவேன். மாதா உன் முன்னும் பின்னும் நடக்கட்டும், உன் நெற்றியில் அம்மா இடது கையால் சிலுவை போடுகிறேன். போனை எடு.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா, மரிவிக்

(பூண்டை எடுத்துவிட்டேன். இடம் காலியாகத்தான் இருக்கிறது. ஜிங்.)