சீட் இல்லாத பைக்

3-ந் தேதி, திங்கள்

காலையிலிருந்து மழை. கிள்ளானே மிதக்கிறது. பூச்சோங் போனேன், பைக் பார்க்க.

முப்பது வருடம் லோரி ஓட்டியவனுக்குப் பைக் எம்மாத்திரம். முதலில் காட்டியது உயரமான ஸ்கிராம்ப்ளர். ஏறினால் கால் தரைக்கு எட்டவில்லை. என் கால் குட்டை என்று அர்த்தமில்லை. பைக் தப்பு.

மூலையில் இன்னொன்று. ஒல்லி, வெட்டுக்கிளி மாதிரி. ட்ரையல்ஸ் பைக்காம். பாறை, வேர், செங்குத்து மேடு, எல்லாவற்றிலும் நின்றுகொண்டே மெதுவாக ஏறுமாம். ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினேன். கடையே வாயைப் பிளந்தது. (முன் சக்கரத்தை மட்டும்.)

கடைக்காரச் சீனக் கிழவர்: "சீட் தாக் அடா, பாஸ். நின்னுதான் ஓட்டணும் லா." சீட் இல்லை, விளக்கு இல்லை, ஹார்ன் இல்லை. ரோட்டில் ஓட்டக்கூடாது, வேனில்தான் ஏற்றிப் போகணும். பின் டயரில் காற்று கம்மி, மெத்தை போல. பின்பக்கம் எடை விழுந்தால்தான் மண்ணைக் கவ்வும் என்றார். எனக்கே பாடம். தலையாட்டி வைத்தேன். வாங்கியும் விட்டேன்.

சரோஜா போனில் பைக் படத்தைப் பார்த்தாள். "உங்க பின்னாடி யாரும் ஏற முடியாதுல்ல?"

"நானே உட்கார முடியாதுடி."

"அப்ப சரி. விழுந்தா நீங்க மட்டும் விழுவீங்க."

பெண்டாட்டி ஆசீர்வாதம் இந்த லட்சணம்.

5-ந் தேதி, புதன்

வெயில். தேவா வேனில் பைக் வந்தது. தேவா பிரிக்பீல்ட்ஸில் ஒயரிங் வேலை செய்பவன், என்னோடு காடு சுற்றுகிறவன். பைக்கைப் பார்த்ததும் அவன் கண் போன போக்கே சரியில்லை.

நேரே கோயில். பூசாரி மாலையோடு பைக்கை ஒரு சுற்று சுற்றினார். "மாலையை எங்கண்ணே போடுறது? சீட்டையே காணோம்?" கைப்பிடியில் கட்டினோம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சை. தள்ளினேன். நசுங்கவில்லை. பழம் வழுக்கி ஓடிவிட்டது. மறுபடி வைத்தார். மெத்தை டயர் அதன் மேல் ஏறி இறங்கியது, பழம் அப்படியே முழுசாக. பூசாரி சிரித்தார். சரோஜா சிரிக்கவில்லை.

"அவ்வளவு லேசு, அதான்" என்றேன்.

8-ந் தேதி, சனி

மேகமூட்டம். கிள்ளானுக்கு வெளியே பழைய செம்பனைத் தோட்டம், பாமாயில் மரங்கள். முதல் ஓட்டம்!! இரண்டு பைக்கும் தேவா வேனில் வந்தன. தோட்டத்துக்குள் நான் முன்னால், தேவா அவன் ஸ்கிராம்ப்ளரில் பின்னால்.

தோட்டத்து வழியில் முனியாண்டி கோயில். ஆலமரம், தகரக் கூரை, சூலம். அதைக் கடக்கிற எந்த வண்டியும் முனியாண்டியிடம் உத்தரவு கேட்டு மூன்று தடவை ஹார்ன் அடிக்கும். லோரிக் காலத்தில் ஒரு நாள்கூட நான் தவறவிட்டதில்லை. இன்றும் கட்டைவிரல் தானாகப் போனது. பொத்தான் இல்லை. இறங்கித் தள்ளிக்கொண்டு போயிருக்கலாம், தோன்றவில்லை. கடந்துவிட்டேன். பின்னால் தேவா அடித்தான். அவன் வண்டிக்கு அவன் அடித்தான்.

அதற்கப்புறம் செம்மண் மேடு. இதுவரை காடு சுற்றுகிற எங்கள் ஆட்களில் யாரும் ஏறியதில்லை. நான் ஏறினேன். ஒரே மூச்சில். பின் டயர் மண்ணைக் கடித்துப் பிடித்தது. ஐம்பது பேர் கைதட்டினார்கள். சரி, தேவாவும் காய் வெட்டுகிற இரண்டு பேரும்.

தேவா கைதட்டியது பாதியில் நின்றது. "அண்ணே, உங்க பின்னாடி ஏதோ ஆள் நின்ன மாதிரி..."

"பொறாமையில கண்ணைக் கட்டுதுடா."

சாயங்காலம் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் எல்லாருக்கும் சொன்னேன். 16-ந் தேதி ஞாயிறு வாருங்கள், கண்ணால் பாருங்கள் என்றேன். தேவா, "ஏறலன்னா?" என்றான். "ஏறலன்னா பைக்கு உனக்குடா" என்றேன். வாய் முந்திக்கொண்டது. பத்து பேர் கேட்டாச்சு.

10-ந் தேதி, திங்கள்

தூறல். முழங்கால் வலி. மீன் வாங்க மறந்தேன், திட்டு.

போர்ட்டிக்கோவில் பைக் சும்மா நிற்கிறது. பின் டயர் மட்டும் அமுங்கிப் பிதுங்கி. காற்று அளந்து பார்த்தேன், சரியாக இருக்கிறது. நான் ஏறி நின்றால்தான் அப்படிப் பிதுங்கும். யாரும் ஏறவில்லை.

சரோஜா தேநீர் கலக்கும்போது கேட்டாள்: "சனிக்கிழமை வேன்ல மூணு பேரா வந்தீங்களே, யாருங்க அவரு?"

"நானும் தேவாவும்தான்."

"பின்னாடி பைக்கைப் பிடிச்சிக்கிட்டு ஒருத்தரு நின்னாரே. இறங்கவே இல்ல?"

ஹெல்மெட்டுக்குள் சுருட்டு வாசம். நான் எந்தக் காலத்திலும் சுருட்டு பிடித்ததில்லை.

11-ந் தேதி, செவ்வாய்

பைக் பக்கம் போகவில்லை. பயம் இல்லை. முழங்கால்.

பக்கத்து வீட்டுப் பூனை எப்போதும் அங்கேதான் தூங்கும். இப்போது மதில் மேலிருந்து பைக்கையே பார்க்கிறது. சீட் இருக்கவேண்டிய இடத்தை.

12-ந் தேதி, புதன்

வெயில். கிள்ளான் கடைத்தெருவில் ரப்பர் ஹார்ன் ஒன்று வாங்கினேன், சைக்கிளுக்கு மாட்டுவது. கூடவே சூடம், ஒரு கட்டு சுருட்டு. தேவா வேனை இரவல் வாங்கித் தோட்டத்துக்குப் போனேன்.

ஹார்னைப் பைக்கில் மாட்டிக் கோயில் முன்னால் நிறுத்தினேன். சூடம் ஏற்றி, சுருட்டை வைத்து, மூன்று தடவை அமுக்கினேன். வாத்துக் கத்துகிற சத்தம். சிரிப்பு வரவேண்டும், வரவில்லை. மூன்றாவதில் பைக் பின்பக்கம் துள்ளி எழுந்தது. யாரோ இறங்கினால் எழுமே, அப்படி. டயர் உருண்டையாகிவிட்டது. ஆலமரத்துப் பக்கம் சருகு மிதிபடும் சத்தம், போய்க்கொண்டே. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்பாடா.

வந்ததே வந்தோம் என்று மேட்டில் ஏறினேன். பாதியில் பின் சக்கரம் வெறுமனே சுற்றியது. சறுக்கி விழுந்தேன். மறுபடியும். மறுபடியும். எடையைப் பின்னால் போட்டு, முன்னால் போட்டு, எல்லா வித்தையும் காட்டினேன். காய் வெட்டுகிறவர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள், கைதட்டவில்லை.

சரோஜாவிடம் குளியலறையில் வழுக்கியது என்றேன். "குளியலறையில ஏதுங்க செம்மண்ணு?"

14-ந் தேதி, வெள்ளி

மழை விட்டது. மறுபடி போனேன். ஏறவில்லை. பாதி மேடுகூட இல்லை.

தேவா போன். "அண்ணே, செராஸ்லேர்ந்தும் ஆளுங்க வராங்க. பைக்கைக் கழுவி வைங்க லா, எனக்கு அழுக்கா வேணாம்." பின்னால் யாரோ சிரிக்கிறார்கள்.

ஆக, அன்றைக்கு ஏறியது நான் இல்லை. இதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

பைக்கைத் துடைத்தேன். நல்ல பைக். என் உயரத்துக்கு ஏற்ற ஒரே பைக். கொடுக்க மனசு வரவில்லை.

15-ந் தேதி, சனி

மேகமூட்டம், போன சனி மாதிரியே. ஹார்னைக் கழற்றினேன். ஸ்பேனரோடு டப்பாவில் போட்டு மூடினேன்.

தோட்டம். கோயிலுக்கு முன்னால் வேகத்தைக் குறைக்கவில்லை. கை எடுத்துக் கும்பிடவில்லை. நேரே பார்த்துக்கொண்டு கடந்தேன். ஆலமரம் தாண்டியதும் பைக் பின்பக்கம் இறங்கியது. கழுத்துக்குப் பின்னால் சுருட்டு வாசம்.

மேடு ஏறினேன். ஒரே மூச்சு. மேலே நின்று, "நாளைக்கு ஒரு தடவைதான்" என்று சத்தமாகச் சொன்னேன். யாரிடம் என்று எழுதவில்லை. பின்பக்கம் எழவில்லை, யாரும் இறங்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வேன் பின்பக்கம் தாழ்ந்தே வந்தது. கண்ணாடியில் பார்க்கவில்லை.

சரோஜா வாசலில், கையில் எலுமிச்சை. "அன்னைக்கு நசுங்கலல்ல, மனசே சரியில்லங்க. நாளைக்குப் போறதுக்கு முன்ன இன்னொரு தடவை." பின் சக்கரத்துக்கு அடியில் வைத்தாள். கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினேன். மேலே யாரும் இல்லை. கல் மாதிரி கனம், இரண்டு கையாலும் தள்ளினேன்.

பழம் தரையோடு தரையாக நசுங்கிப்போனது. சரோஜாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.