டொரான்டோவிலிருந்து இருபத்திரண்டு மணி நேரம்

செம்பாக்கம்
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பா ஜெயஸ்ரீக்கு, அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை ஐசக்கும் அங்கே நல்லபடியாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், முடியவில்லை. நாலு வருஷமாக நீ என் போனை எடுப்பதில்லை, எதிர் வீட்டு ஜோவிதா நாளை டொரான்டோ கிளம்புகிறாள், அவளிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன், கிழித்துப் போடாமல் கடைசி வரை படி.

அப்பாவுக்கு ஒரு வருஷமாக ஞாபகம் தப்பிக்கொண்டே வருகிறது. முதலில் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடினார், பிறகு கேஸை அணைக்க மறந்தார், வயசுதானே என்று நானும் விட்டுவிட்டேன். போன செவ்வாய்க்கிழமை நான் குளித்துவிட்டு வருவதற்குள் ஆளைக் காணோம், செருப்புகூட வாசலிலேயே கிடந்தது. ஏரிக்கரை முழுக்க அழுதுகொண்டே ஓடினேன், தண்ணீரைப் பார்க்கவே பயம். உன் சித்தப்பா குமரேசன் தாம்பரம் ஸ்டேஷன் வரை பைக்கில் தேடிவிட்டு வந்தார். மத்தியானம் மூன்று மணிக்கு ஏர்போர்ட்டிலிருந்து ஒரு போலீஸ்காரர் போன் செய்தார். வெறுங்காலோடு எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறி, திரிசூலத்தில் இறங்கி, பயணிகள் வெளியே வருகிற வாசலில் போய் நின்றிருக்கிறார். கையில் ஒரு அட்டை, அதில் உன் பெயர். டொரான்டோவிலிருந்து நேராக பிளைட் கிடையாது, பதிமூவாயிரம் கிலோமீட்டருக்கு மேலே, நடுவில் இறங்கி மாறி வர இருபத்திரண்டு மணி நேரமாவது ஆகும், வூட்டுக்குப் போங்க பெரியவரே என்று அந்தப் போலீஸ்காரர் எடுத்துச் சொன்னாராம். அதற்கு இவர், "இருக்கட்டும் சார், என் பொண்ணு கிளம்பிட்டா, நான் இங்கியே நிக்கிறேன்" என்றாராம். நாங்கள் போனபோது கால் இரண்டும் வீங்கியிருந்தது, உட்கார மாட்டேன் என்று அடம்.

ஐசக்கைக் கட்டிக்கொண்டால் இந்த வாசப்படி மிதிக்காதே என்று அன்று கத்தினாரே, அது அவருக்கு நினைவே இல்லை பாப்பா. நான் சொல்லிப் பார்த்தேன். "நானா சொன்னேன்? பாப்பாவையா?" என்று கேட்டுவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். அன்றைக்குச் சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றவள் நான்தான், உனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் கோபத்தை என்மேல் வை, அவர்மேல் வேண்டாம். இப்போது கேட்டைப் பூட்டி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறேன். விடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு கேட்டைப் பிடித்து ஆட்டுகிறார், பிளைட்டுக்கு நேரமாச்சு என்கிறார். நேற்று என்னைப் பார்த்து, நீங்க யாரும்மா, எங்க வீட்டுக்காரி எங்கே என்று கேட்டார். நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவள் நான். உன் பெயர் மட்டும் இன்னும் அவரிடம் இருக்கிறது. எத்தனை நாளைக்கு என்று கேட்டால் டாக்டர் மருந்துச் சீட்டு எழுதுகிறார்.

உன் காலில் விழுந்து கேட்கிறேன் பாப்பா, உன்னையும் யார் என்று கேட்பதற்குள் வந்துவிடு. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா, தலை நிமிர்ந்து வரட்டும், யாராவது வாயைத் திறந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

குன்றத்தூர் முருகன் உங்கள் இரண்டு பேருக்கும் துணை இருக்கட்டும், நீண்ட நாள் நல்லா இருங்கள். பேச மனசு வராவிட்டால் எந்தத் தேதி என்று மட்டும் மெசேஜ் போடு. வெறும் வயிற்றோடு பிளைட் ஏறாதே.

உன் அம்மா,
ஜெயக்கொடி