நான்கு ஓட்டைகளில் இரண்டு

திட்டுவதற்கு உன்னைவிட்டால் வேறு ஆள் இல்லாத என் சவரி அண்ணே,

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. யோங் பெங்கில் எல்லாரும் நலம். அண்ணி, தான் நலம் என்று சொல்லிக்கொள்கிறார். உன் காருக்குப் புது இருக்கைகள் பொருத்திக் கொடுத்த குணாவும் நலம். வொர்க்‌ஷாப்புக்குப் புதுக் கூரை போட்டிருக்கிறான். நீ போய் இடித்தாயே அந்தச் செம்பனை லோரி, அதுவும் நலம். பின்பக்கம் கொஞ்சம் பெயிண்ட் உரிந்ததோடு சரி. அன்று நலமில்லாமல் போனவன் நீ ஒருவன்தான்.

இதை உன் கல்லறையில் போய்ச் சொன்னால் போதாதா, ஊரறிய எதற்கு எழுத வேண்டும் என்று அண்ணி கேட்டார். போதாது. நீ செய்ததை ஊரில் பாதிப் பேர் செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

விபத்துக்கு மறுநாள் போலீஸ் நிலையத்துக்குப் பின்னால் உன் காரைப் பார்த்தேன். பம்பர் நசுங்கி, ரேடியேட்டர் உடைந்திருந்தது. கதவு திறந்தது. கண்ணாடியில்கூடப் பெரிய விரிசல் இல்லை. பார்க்க வந்த எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "இவ்ளோதானா? இதுக்கா போயிட்டாரு?"

பதில் காருக்குள்ளேயே இருந்தது. ஓட்டுநர் இருக்கை தரையைவிட்டுப் பெயர்ந்து, ஸ்டியரிங்கில் போய்ச் சாய்ந்து கிடந்தது. நம் நாட்டில் இருக்கை கிடைத்தவர்கள் அதைவிட்டு எழுந்ததாகச் சரித்திரம் இல்லை. இருக்கையே கிளம்பிப் போன ஒரே ஆள் நீதான்.

அந்த இருக்கைகள் வீட்டுக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? குளுவாங்கில் பழைய கார்களை வெட்டி விற்கும் ‘காடி வெட்டும் கடை’யிலிருந்து வாங்கி வந்தாய். உன் காரின் அதே பெயரில் வந்த புது மாடல். இரண்டுக்கும் நடுவில் இருபது வருட வித்தியாசம். கறுப்புத் துணி, ஓரத்தில் சிவப்பு நூல் தையல், இடுப்பைப் பிடித்துக்கொள்ளும் வளைவு. வராந்தாவில் வைத்து உட்கார்ந்து பார்த்தாய். அமைச்சர் மாதிரி இருக்கிறது என்று அண்ணி சொன்னார்.

"பழைய காடில இது எப்படிண்ணே உக்காரும்?" என்று கேட்டேன்.

"பேரு ஒண்ணுதானே தங்கச்சி, சீட்டு மட்டும் வேறயாவா இருக்கும்?"

"நம்ம ரெண்டு பேருக்கும் அப்பா ஒண்ணுதான். உன் சட்டை எனக்குப் பத்துதா?"

"அலமாக், இந்த வாய வெச்சுக்கிட்டு நீ எப்படித்தான் குடும்பம் நடத்துறியோ." சிரித்துக்கொண்டே போய்விட்டாய்.

எனக்கு ஆத்திரம் எங்கே வருகிறது தெரியுமா? உன் வேலையை நினைக்கும்போது. சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகன் நீ. ஒரு ஸ்குரு மயிரிழை பருமன் கூடினாலும் முழுப் பெட்டியையும் திருப்பி அனுப்புவேன் என்று எங்களிடம் பெருமை பேசியவன். உன்னால் திருப்பி அனுப்பப்பட்ட பெட்டிகளை வரிசையாக அடுக்கினால் சிங்கப்பூர்ப் பாலத்தின் அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு வரும். ஆனால் வெள்ளிக்கிழமை மாலை பாலத்தைத் தாண்டி வந்ததும், அளவுகோலை அங்கேயே சுங்கத்தில் கொடுத்துவிட்டு வருவாய் போலிருக்கிறது. ஊருக்கெல்லாம் அளந்தவனுக்குத் தன் உயிரை அளக்கத் தோன்றவில்லையே. ஏன் அண்ணே?

இருக்கையை முடுக்கக் காரின் தரையில் நான்கு ஓட்டைகள். புது இருக்கையின் கால்கள் அகலம் கூடியவை. முன்பக்கம் இரண்டு ஓட்டைகள் பொருந்தின. பின்பக்கம் பொருந்தவில்லை. குணா எங்கோ கிடந்த ஒரு இரும்புப் பட்டையை வெட்டி, அங்கொரு பொட்டு இங்கொரு பொட்டாக வெல்டிங் வைத்து, அந்த இடைவெளியை அடைத்தான். பிறகு கையால் இருக்கையை இரண்டு ஆட்டு ஆட்டினான். "ஙாம் லா, பாஸ்" என்றான்.

ஙகரத்தில் தொடங்கும் சொல் தமிழில் அநேகமாக இல்லை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். இந்த நாட்டுத் தமிழனுக்கு ஒன்று இருக்கிறது. சீனர்களிடம் வாங்கி, மலாய்க்காரர்களோடு பகிர்ந்து, மூன்று இனமும் சண்டையில்லாமல் அனுபவிக்கும் சொத்து அது. கச்சிதமாகப் பொருந்திவிட்டது என்று பொருள். இதற்குமேல் எதுவும் கேட்காதே என்று இன்னொரு பொருளும் உண்டு. நீ கேட்கவில்லை. நீயும் இரண்டு ஆட்டு ஆட்டிப் பார்த்தாய். "ஙாம்" என்றாய்.

பழைய காரில் பெல்ட்டின் பூட்டு தரையில் இருந்தது. புது இருக்கையில் அது இருக்கையின் பக்கத்திலேயே வருகிறது. ஆகவே தரையில் இருந்ததைக் குணா கழற்றி எறிந்துவிட்டான். அன்று நீ பெல்ட் போட்டிருந்தாய், அண்ணே. போலீஸ்காரரே சொன்னார். பெல்ட் உன்னை இருக்கையோடு கட்டிவைத்தது. இருக்கையை எதனோடும் யாரும் கட்டிவைக்கவில்லை.

அடக்கத்தன்று வந்தவர்கள் எல்லாம் விதி என்றார்கள். ஆண்டவர் அழைத்துக்கொண்டார் என்றார்கள். ஆண்டவர் அழைப்பதாக இருந்தால் குணாவிடம் ஏன் வெல்டிங்குக்குக் கொடுக்கப் போகிறார் என்று கேட்க வாய்வரை வந்தது. கோயிலாயிற்றே என்று விழுங்கினேன்.

குணாவைப் போய்ப் பார்த்தேன். அவனுக்கு வருத்தம்தான். வருத்தத்தோடு டீ வாங்கிக் கொடுத்தான். "அக்கா, நான் போட்டது ஙாமாத்தான் இருந்துச்சு. லோரிக்காரன் சடன் பிரேக் போட்டா நான் என்னக்கா செய்ய?" என்றான். அதாவது, கார் எதிலும் மோதாதவரை அந்த இருக்கை மிகவும் பாதுகாப்பானது. அந்த டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

இதெல்லாம் பழைய கோபம். புதுக் கோபம் போன ஞாயிற்றுக்கிழமை வந்தது.

உன்னைப் போலவே பழைய கார் வைத்திருக்கும் உன் கூட்டாளி மோகன், மனைவி செல்வியோடு வீட்டுக்கு வந்தான். உடைந்த காரைப் பழைய இரும்புக்குப் போடும்போது, முன்னால் இருந்த இன்னொரு இருக்கையை மட்டும் கழற்றி, நினைவுக்கு இருக்கட்டும் என்று அண்ணியிடம் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அண்ணி உட்கார வேண்டிய இருக்கை அது. அன்று அண்ணி உன்னோடு வந்திருந்தால்? நான் அதை யோசித்து முடித்ததே இல்லை.

"அண்ணி, அண்ணனோட வருச நினைவு நாளுக்குக் கூட்டாளிங்க எல்லாக் காடியும் வரிசையா லாபிஸ் வரைக்கும் போறோம்," என்றான் மோகன். "அண்ணன் சீட்ட என் காடில மாட்டிக்கிறேன். அண்ணனே கூட வர்ற மாதிரி இருக்கும்."

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டிவிட்டார்.

"அதுல யாரு உக்காருவா மோகன்?" என்றேன்.

"செல்விதான்கா."

"யாரு மாட்டுறா?"

"குணாதான். அதே மாடல் காடி, அதே பட்டையும் சீட்டோட இருக்கு. முன்னாடி ரெண்டு ஓட்டை அப்படியே உக்காரும்."

"மத்த ரெண்டு?"

"அது பாத்துக்கலாம்கா."

நான் எழுந்துபோய் இருக்கையைக் கவிழ்த்தேன். பட்டையும் பொட்டுகளும் அப்படியே இருந்தன, துரு மட்டும் கூடியிருந்தது. செல்வி குனிந்து பார்த்தாள்.

"இதே மாதிரிதான் அண்ணனோட சீட்டுலயும் இருந்துச்சாக்கா?"

"இதேதான். அது ஓட்டுறவங்க பக்கம். இது உன் பக்கம்."

"சும்மா பயமுறுத்தாதீங்கக்கா," என்றான் மோகன். "அதெல்லாம் விதி."

"விதியா?" செல்வி நிமிர்ந்தாள். "சரி. லாபிஸ் வரைக்கும் நான் ஓட்டுறேன். நீ இதுல உக்காந்து வா."

மோகன் மனைவியைப் பார்த்தான். அண்ணியைப் பார்த்தான். பிறகு அந்தப் பட்டையை, அநேகமாக முதன்முறையாக, குனிந்து பார்த்தான்.

அண்ணிதான் முடிவு சொன்னார். "அத வெட்டிப் போட்டுரு மோகன். இந்த வீட்டுல ஒருத்தர் உக்காந்து போனது போதும்."

மோகன் காரிலிருந்து இரும்பு வெட்டும் கிரைண்டர் எடுத்துவந்தான். தேவைப்படவில்லை. சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினான்; பட்டை கழன்று சிமெண்டுத் தரையில் விழுந்தது. நாங்கள் நால்வரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். உன்னைத் தாங்கியதும் இவ்வளவுதான். அண்ணி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மோகன் அந்தப் பட்டையைக் கேட்டு வாங்கிப் போயிருக்கிறான். கூட்டாளிகளிடம் காட்டப் போகிறானாம். காட்டுவானோ, மறப்பானோ. அதனால் வேலையைச் செல்வியும் நானும் எடுத்துக்கொண்டோம். உன் நினைவு நாளன்று கார்கள் புறப்படும் இடத்தில் இருவரும் நிற்போம். இருக்கை மாற்றிய ஒவ்வொரு காரிலும் டார்ச் அடித்து அடியில் பார்ப்போம். சரியில்லாத காரின் பெண்களை இறக்கி எங்களோடு பஸ்ஸில் ஏற்றுவோம். பெண்கள் இறங்கினால் ஆண்கள் எவ்வளவு தூரம் போவார்கள் என்று எனக்குத் தெரியும். எங்களைப் பைத்தியம் என்பார்கள். சொல்லட்டும். உயிரோடு இருந்து சொல்லட்டும்.

இதை உனக்கு வாக்காகத் தருகிறேன், அண்ணே. உன்னை மன்னிக்கச் சொல்லி மட்டும் கேட்காதே. அது இன்னும் என் கையில் இல்லை.

இப்படிக்கு,
உன்னைத் திட்டும் உரிமையை யாருக்கும் விட்டுக்கொடுக்காத உன் ஒரே தங்கை,
ஸ்டெல்லா