நான் பைய நடந்து வந்த மேட்ச்

பந்தை விட என்னை அதிகம் திட்டிய என் கோல்கீப்பர் சூசைக்கு,

நான் இப்போது பாளையங்கோட்டையில் ஃபிட்னஸ் கோச். சிரிக்காதே. மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னால், லேஸ் கட்டுகிற சாக்கில் ஒரு சுற்றையே முழுங்கிய இசக்கிதான் தினமும் காலையில் முப்பது பேரை விசில் ஊதி ஓட வைக்கிறான். பாதிப் பேர் ரிட்டயரான வாத்தியார்கள், மீதி கடைக்காரர்கள். எல்லாருக்கும் தொப்பை இருக்கிறது, அதைவிடப் பெரிதாக வாய் இருக்கிறது.

கோவா கிளப்பில் ஆடும்போது முழங்கால் ஜவ்வு கிழிந்து, ஒப்பந்தமும் போய், ஊருக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேனே, ஞாபகமிருக்கிறதா? அதே கிளப்பில் எட்டு வருஷம் கோல் காத்த நீ, அதற்கு முன்பே உவரிக்குத் திரும்பி மீன் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாய். மார்க்கெட்டில் மீனை இறக்கிவிட்டு, அந்த வாடையோடேயே என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாய். "காலுதாம்லே போச்சு. வாய் இருக்குல்லா? நாலு பேர ஓட வைக்கதுக்கு அது போதும்" என்றாய். கோச்சிங் படிப்புக்கு விண்ணப்பம் நிரப்பியதும் நீதான். உன் கையெழுத்தைப் படிக்க முடியாமல் அவர்கள் எனக்குப் போன் செய்தது தனிக் கதை.

நம் களவாணித்தனத்தை இங்கே போட்டு உடைக்கிறேன். ஒரு கோல் முன்னால் இருந்தால், கடைசிப் பத்து நிமிஷத்தில் நீ காலைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிடுவாய். உனக்கு முன்னால் நின்று தடுக்கும் ஸ்டாப்பர் நான். பைய, மிகப் பைய நடந்து வருவேன். ரெஃப்ரி கத்துவார். நான் குனிந்ததும் நீ ஒரு கண்ணடிப்பாய். அப்படி நேரத்தைத் தின்றே எத்தனை மேட்ச் ஜெயித்திருப்போம்!

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆடியது, பழைய ஆட்டக்காரர்கள் சும்மா சந்தோஷத்துக்கு ஆடும் மேட்ச். நாம் ஒரு கோல் முன்னால். நீ கம்பத்தோரம் சாய்ந்தாய். "ஏலே, இதுக்குமா நடிக்க?" என்று சிரித்துக்கொண்டே, இடுப்பில் கை வைத்துப் பைய நடந்து வந்தேன். குனிந்தேன். நீ கண்ணடிக்கவில்லை.

மாரடைப்பு என்றார்கள். நான் நடந்து வந்ததை யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு வருஷமாக உவரிப் பக்கமே போகவில்லை. உன் வீட்டுக்காரி, மதினி, போன் செய்தால் எடுக்கவில்லை. எந்த முகத்தோடு பேச?

என் வகுப்பில் செல்லையா அண்ணாச்சி என்று ஒருவர், பலசரக்குக் கடைக்காரர். தண்டால் என்று சொன்னாலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டுவிடுவார். எல்லாரும் சிரிப்பார்கள். நான் மட்டும் இந்த முட்டியோடு விழுந்தடித்து ஓடுவேன். போன மாதம் அவரே எழுந்து உட்கார்ந்து கேட்டார்: "ஏம்வே, ஒவ்வொரு தடவையும் ஏமாறுதீரே, உமக்குச் சொரணையே கிடையாதா?"

அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். முப்பது பேர் முன்னால் அழுதேன் சூசை. அவர் வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "எங்கிட்டச் சொல்லி என்னவே செய்ய? சொல்ல வேண்டிய இடம் உவரில இருக்கு. கிளம்பும்" என்றார். அன்றைக்கே பஸ் ஏற்றியும் விட்டார்.

மதினி வெயிலில் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொல்லி முடித்தேன்.

"ஓடி வந்திருந்தா அவிய பொழச்சிருப்பாவளா?"

"தெரியாது மதினி."

கொஞ்ச நேரம் கருவாட்டையே புரட்டினாள். பிறகு கோபம் வந்தது பார், உன் கோபமெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. "தெரியாத ஒண்ணுக்கா ரெண்டு வருசம் இந்த வாசல் ஏறல? அவிய போனது ஒரு நாளு. நீங்க தெனமும்லா போனிய!"

திட்டித் தீர்த்துவிட்டுச் சோறு போட்டாள், சீலா மீன் குழம்பு. சாப்பிடும்போது, "இங்கன கடலுக்குப் போறவனுக்கெல்லாம் நாப்பது வயசுலயே நடுவு, இடுப்பெல்லாம் புடிச்சிக்கிடுது. சொல்லிக் குடுக்க ஆளில்ல" என்றாள். அது கேள்வியா, உத்தரவா? உனக்குத்தான் தெரியும்.

வரும் ஞாயிறு பூசை முடிந்ததும், உன் கடற்கரையில் என் முதல் வகுப்பு. ஓட்டம் அப்புறம். ஒருவன் விழுந்தால் நெஞ்சை எப்படி அழுத்துவது என்பதுதான் முதல் பாடம். செல்லையா அண்ணாச்சியும் வருகிறார், விழுந்து காட்ட. அந்த வேலைக்கு அவரை விட்டால் ஆள் யார்?

இனி என் கண்முன் யார் விழுந்தாலும், நடிப்போ நிஜமோ, நான் ஓடித்தான் வருவேன். ஏமாந்தால் ஏமாந்துவிட்டுப் போகிறேன். அவர்கள் கண்ணடித்தால் போதும்.

உன் பிள்ளைகளுக்குச் சித்தப்பன்,
மறுபடியும் உன் வாசல் ஏறிய
இசக்கி