ஐம்பத்திரண்டாம் வருடத்து பிளாக்

4 மார்ச் 1974
கரமனை ஒர்க்ஷாப்பில் இன்று ஒரு பழைய சீமைக் கார். எஞ்சினை முழுதாகப் பிரிக்க வேண்டும். போன மாதம்தான் இதே மாதிரிக் கார் ஒன்று பார்த்தோம். வெயில் தாங்கவில்லை.

6 மார்ச்
எழுதாமல் இருக்க முடியவில்லை. எஞ்சின் பிளாக்கைத் தூக்கும் சங்கிலிக் கப்பி ஒரு வாரமாகப் பழுது. "நாலு பேரக் கூப்பிடுவோமாண்ணே?" என்று கூட வேலை பார்க்கும் திரவியம் கேட்டான். நான்தான், "போன மாசம் நாம ரெண்டு பேருதானே தூக்கினோம்? பிடிலே" என்றேன். அவன் பக்கம் சரிந்தது. அவன் வலது கை அடியில் சிக்கியது. மூன்று விரல்கள் போயின.

9 மார்ச்
"திரவியம் பிடிய விட்டுட்டான்" என்று முதலாளி குற்றாலலிங்கம் எல்லாரிடமும் சொல்கிறார். ஆஸ்பத்திரியில் திரவியமும் அதையே சொல்கிறான். "எனக்குத்தாண்ணே கை நழுவிட்டு." ஆரஞ்சு உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

10 மார்ச்
தூக்கும்போதே கனம் கூடுதலாகத் தெரிந்ததே — தெரிந்தும் ஏன் இறக்கச் சொல்லவில்லை?

13 மார்ச்
சாலை பஜாரில் பழைய இரும்புக் கடைக்குப் போனேன். அதே காரின் பிளாக்குகள் மூன்று கிடந்தன. வார்ப்பிலேயே வருடம் உண்டு. ஒவ்வொன்றாகத் தராசில் ஏற்றினேன்.
1952 — 91 கிலோ.
1955 — 88.
1958 — 66.
பார்வைக்கு மூன்றும் ஒன்றுதான். பிந்திய வார்ப்பில் சுவரை மெலிதாக்கியிருக்கிறார்கள். போன மாதம் தூக்கியது 58 என்று ஒர்க்ஷாப் நோட்டில் இருக்கிறது. விழுந்ததை இன்று கிரீஸ் துடைத்துப் பார்த்தேன். 52.
இருபத்தைந்து கிலோ கூடுதல். அன்றைக்கே துடைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

14 மார்ச்
வீட்டில் சரோஜத்திடம் சொன்னேன். "அவரே தன் பெழைன்னுதானே சொல்லுதாரு? நீங்க எதுக்குப் போய்ச் சொல்லணும்? நமக்கு மூணு பிள்ளேளு உண்டு" என்றாள். பிறகு அடுப்படியில் போய் அழுதாள்.

17 மார்ச், ஞாயிறு
சர்ச்சுக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எடைகளைச் சொன்னேன். நீ விடவில்லை, தூக்கச் சொன்ன நான்தான் பிழை என்றேன். திரவியம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவன் மனைவி பொன்னம்மை வராந்தா வரை வந்தாள். "'நான்தானே விட்டேன், நான்தானே விட்டேன்'னு பத்து நாளா பொலம்புதாரு. இத இப்பமா சொல்லுகது?"

22 மார்ச்
நடந்ததை லேபர் ஆபீசில் எழுதிக் கையெழுத்திட்டேன். கப்பி பழுதாகக் கிடந்தது. வருடம் பார்க்காமல் தூக்கச் சொன்னவன் நான். முதலாளி கேள்விப்பட்டு, "ராஜையா, நாளேலேருந்து நீ வராண்டாம்" என்றார்.

29 மே
வேலை இல்லை. திரவியம் வீட்டுக்குப் போனேன். கதவு திறக்கவில்லை.

8 அக்டோபர்
விழிஞ்ஞத்தில் படகு எஞ்சின் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம். இன்று மத்தியானம் திரவியம் வந்தான். என்னைப் பார்த்தான். நேரே இங்குள்ள முதலாளியிடம் போய் வேலை கேட்டான். அவர் அவன் கையைப் பார்த்துவிட்டு, "ஒன்ன இங்க யாருக்குத் தெரியும்?" என்றார்.
"அவரக் கேளுங்க. பன்னெண்டு வருஷம் கூட வேல பாத்திருக்கேன்" என்று என்னைக் காட்டினான்.
சொன்னேன். நாளை வரச் சொல்லிவிட்டார்.
பிறகு சாயாக் கடையில் இடது கையால் கிளாஸைப் பிடித்திருந்தான். என் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான்.